8332-ஐத் திறக்கச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டிலேயே பிட்காயின் நோட் (பிட்காயின் பரிவர்த்தனைகளைத் தானே சரிபார்க்கும் கணினி) நடத்துவது பற்றித் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரை, ரவுட்டரில் 8332, 8333 ஆகிய இரண்டு போர்ட்களையும் (இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசல்கள்) வெளி இணையத்துக்குத் திறந்துவிடுமாறு கூறுகிறது. நான்கு ஆண்டுகளாக வீட்டில் ஒரு நோட் வைத்திருப்பவன் என்ற முறையில், இதில் பாதி சரி, மறுபாதி ஆபத்து என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

8333 என்பது மற்ற நோட்கள் வந்து பிளாக்குகளை, அதாவது பரிவர்த்தனைத் தொகுப்புகளை, கேட்டு வாங்கும் வாசல். 8332 அப்படியன்று; நோட்டை நிறுத்துவது முதல் அதிலுள்ள வாலட்டிலிருந்து பணம் அனுப்புவது வரை எல்லாக் கட்டளைகளையும் ஏற்கும் ஆர்பிசி வழி அது. அதில் செல்லும் கடவுச்சொல்லுக்குக் குறியாக்கம்கூடக் கிடையாது என்பதால்தான், நாமாக மாற்றாத வரை, நோட்டை இயக்கும் பிட்காயின் கோர் மென்பொருள் அதை 127.0.0.1 என்ற முகவரியில், அதாவது அந்தக் கணினிக்குள்ளேயே, அடக்கி வைக்கிறது. எத்தீரியம் என்ற மற்றொரு கிரிப்டோ வலையமைப்பில் இதற்கு இணையான 8545-ஐ வெளியே திறந்து வைத்து, அதன் நாணயமான ஈதரைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. வெளியூரிலிருந்து நோட்டைப் பார்க்க விரும்புவோர் வயர்கார்டு போன்ற விபிஎன் (குறியாக்கம் செய்த தனி இணைப்பு) வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைவதே முறை.

8333-ஐயும் திறந்தே ஆக வேண்டும் என்பதில்லை. எதையும் திறக்காவிட்டாலும் நோட் தானே வெளியே பத்து இணைப்புகளை ஏற்படுத்திக்கொண்டு பிளாக்குகளைச் சரிபார்த்துவிடும். திறந்தால் புதிய நோட்களுக்கு நாமும் தரவு கொடுக்கலாம், அவ்வளவே.

திறக்க நினைத்தாலும் எல்லோருக்கும் முடிவதில்லை என்பதைக் கட்டுரை சொல்லவில்லை. நான் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் விதியை (வெளியிலிருந்து வரும் இணைப்பை நோட்டுக்குத் திருப்பிவிடுவது) சரியாக எழுதியும் இரண்டு வாரம் உள்வரும் இணைப்பு ஒன்றுகூட வரவில்லை. இணையச் சேவை நிறுவனத்தில் கேட்டபோதெல்லாம் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். நானும் சளைக்காமல் அணைத்துப் போட்டேன். பிறகுதான் ரவுட்டரின் வான் (WAN) முகவரி, அதாவது இணையப் பக்க முகவரி, 100.72 என்று தொடங்குவது கண்ணில் பட்டது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிரும் சிஜிநாட் முறைக்கென ஒதுக்கப்பட்டவை. அந்தப் பொது முகவரி சேவை நிறுவனத்திடமே இருப்பதால், அங்கே நம் ரவுட்டரில் எழுதும் விதி எதற்கும் உதவாது. போர்ட் எதையும் திறக்கத் தேவையில்லாத டோர் (Tor) என்ற அடையாளம் மறைக்கும் வலையமைப்பின் வழிக்கு மாறிய பிறகே, பிற நோட்கள் என் நோட்டைத் தேடி வரத் தொடங்கின.

கட்டுரையைப் படித்து 8332-ஐத் திறந்தவர்கள் ரவுட்டரில் அந்த விதியை உடனே நீக்கி, பிட்காயின் கோரின் அமைப்புகள் உள்ள கான்ஃப் கோப்பின் ஆர்பிசிஅலவ்ஐபி (rpcallowip) வரியில், எந்த முகவரியையும் அனுமதிக்கும் 0.0.0.0/0 என்றிருந்தால் அதையும் அழித்து, ஆர்பிசி கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்ற திருத்தத்தை அடுத்த தொழில்நுட்பப் பக்கத்திலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈரோடு.