திரைப்படச் சங்கம்: 2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

மாதம் ஒரு திரையிடல் என்ற கணக்கில் பன்னிரண்டு நடந்திருக்க வேண்டும், பத்து நடந்தது. ஏப்ரலில் நாடாளுமன்றத் தேர்தல் நேரம், மண்டபம் கிடைக்கவில்லை. டிசம்பர் முதல் ஞாயிறு நாகர்கோவில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவோடு சேர்ந்து வந்ததால் விட்டுவிட்டோம். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் பிறந்த நாளான நவம்பர் 29 அன்று ஒரு பேச்சு நடந்தது. அகஸ்தீஸ்வரத்துக்கு ஒரு நாள் போய் வந்தோம். செயற்குழு ஆறு முறை கூடியது, அதில் இரண்டு முறை கூட்டம் நடத்தத் தேவையான ஆள் (கோரம்) சேரவில்லை.

இந்த ஆண்டின் பெரிய வேலை, தியேட்டரில் வரும் படங்களைப் பற்றி நான் எழுதும் விமர்சனத் தாள்தான். அது கடுமையாக இருக்கிறது என்று புகாரும் நிறைய வந்திருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மாதத்தின் மூன்றாம் ஞாயிறு, ஒரே தாளில் இரண்டு பக்கம், ஜெராக்ஸ் எடுத்து அறுபது பிரதி. ஒன்று வாசகசாலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். மற்றவை உறுப்பினர்களுக்கு. தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் பஸ்ஸில் போகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவோம். ஓராண்டில் 24 படங்களைப் பற்றி எழுதினேன். எல்லாமே தியேட்டரில் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் பார்த்தவை. பதினேழு படங்களைக் கடுமையாகத்தான் எழுதினேன். நான்கை மனம்விட்டுப் பாராட்டினேன். மூன்றில் நல்லதும் கெட்டதும் கலந்து எழுதினேன். பாராட்டிய நான்கைப் பற்றி இதுவரை ஒருவரும் என்னிடம் பேசவில்லை. பதினேழைப் பற்றிப் பேசாதவர் இல்லை.

ஏன் கடுமை என்று கேட்டவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மலையோர ரப்பர் தோட்டத்தில் நடப்பதாக ஒரு படம் வந்தது. கதாநாயகன் பால்வெட்டுத் தொழிலாளி. உச்சி வெயிலில் கத்தியோடு மரத்துக்கு மரம் பாடிக்கொண்டே போகிறான். குலசேகரம், திற்பரப்புப் பக்கம் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய் வெட்டுவார்கள், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று. அடுத்த காட்சியில் கொட்டும் மழையில் சிரட்டை நிறையப் பால் வடிகிறது. மரத்தில் பிளாஸ்டிக் மழைக்காப்பு கட்டாத தோட்டத்தில் மழை பெய்தால் அன்று வெட்டு கிடையாது. வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. படத்தின் கதையோ கூலி போதாத ஒரு குடும்பத்தைப் பற்றியது! நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. வருஷத்தில் எத்தனை நாள் அந்த வீட்டில் அடுப்பு யோசித்து எரியும் என்று ஒரு முறை கேட்டிருந்தால் இரண்டாம் பாதி முழுவதும் கையில் கிடைத்திருக்கும். அதை விட்டுவிட்டு வில்லனுக்கு ஒரு பங்களாவும் நாலு ஜீப்பும் கொடுத்தார்கள். காலடியில் கிடந்த கதையை மிதித்துக்கொண்டு போன படம் என்று எழுதினேன். அந்த வரியை மாற்ற எனக்கு இன்றும் மனம் இல்லை.

பேச்சும் அப்படித்தான். கதை நாகர்கோவிலில் என்றால் வாய்க்கு வாய் 'ஏலே மக்கா' போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நாஞ்சில்நாட்டுப் பேச்சு வேறு, விளவங்கோட்டுப் பேச்சு வேறு, கடற்கரைப் பேச்சு வேறு. இடங்களும் அதே கதிதான். 1980களில் பாரதிராஜா முட்டத்துக்கு வந்து படம் எடுத்தார். அதற்குப் பிறகு வந்தவர்கள் பலருக்கு முட்டம் என்றால் பாறையும் அலையும் ஒரு பாட்டும், அவ்வளவுதான். பாசனத் தண்ணீரைப் பறளியாற்றுக்கு மேலே கொண்டுபோகக் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம் இன்றைக்கு டிரோன் கேமரா பறந்து வர ஓர் இடம். நம் ஊரைக் காட்டினால் போதும் என்று கை தட்டும் வயதை நாம் தாண்டிவிட்டோம் என்று நம்புகிறேன்.

மூத்த உறுப்பினர் ஒருவர் ஜூலை கூட்டத்தில், "தம்பி, ஜே.சி.டேனியல் பிறந்த மாவட்டத்துக்காரர் நீங்கள். படம் எடுக்கிறவன் பாடு தெரிந்தும் இப்படி எழுதலாமா?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. பல நாள் யோசித்தேன். டேனியலின் ஊரான அகஸ்தீஸ்வரத்துக்குப் போனதும் அதனால்தான். டேனியல் தன் சொத்தை விற்றுப் போட்டு, தானே எழுதி, இயக்கி, நடித்து எடுத்த படம் 'விகதகுமாரன்', மலையாளத்தின் முதல் படம். திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் அது ஓடியபோது திரையில் கல் எறிந்தார்கள். நாயர் பெண்ணாக நடித்த பி.கே.ரோசி தலித் பெண் என்பதுதான் காரணம். ரோசி ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று. டேனியல் மறுபடி கதைப்படம் எடுக்கவில்லை. பல் வைத்தியம் பார்த்துப் பிழைத்து, 1975இல் இறந்தார். கேரள அரசு அவர் பெயரில் விருது ஏற்படுத்தியது 1992இல். அந்தப் படத்தின் பிரதி இன்று எங்கும் இல்லை. அதாவது, அந்தப் படம் நன்றாக இருந்ததா இல்லையா என்று உட்கார்ந்து எழுத நமக்கு வழியே இல்லாமல் போய்விட்டது. அன்று கல் எறிந்தவர்கள் படத்தைப் பார்க்கவில்லை, நடித்தவளின் சாதியைத்தான் பார்த்தார்கள். நான் படத்தைக் கடைசி வரை பார்த்துவிட்டு எழுதுகிறேன். இரண்டையும் ஒன்றாகப் பேச வேண்டாம் என்று அந்தப் பெரியவரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். சத்யஜித் ராய் 1947இல் நண்பர்களோடு கல்கத்தாவில் திரைப்படச் சங்கம் தொடங்கினார். மறு ஆண்டே இந்தியப் படங்களில் என்ன கோளாறு என்று கேட்டுப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அவருடைய முதல் படம் வந்தது 1955இல். திரைப்படச் சங்கம் என்பதே குறை சொல்லிக் கற்றுக்கொள்வதற்காக வந்த ஒன்று.

மதிப்பெண் குறைவாகப் போடுகிறேன் என்றும் குற்றச்சாட்டு. விகடன் மார்க் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நூற்றுக்கு நாற்பது வாங்கினாலே நல்ல படம் என்று வீட்டில் பேசிக்கொள்வோம். 1977இல் '16 வயதினிலே' வாங்கிய 62.5தான் இன்றும் நம் வாயில் பெரிய மார்க். எண்பது, தொண்ணூறு என்று அள்ளிக் கொடுக்க நான் கற்கவில்லை.

2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பில் தியேட்டர் வாசலில் விமர்சனம் எடுக்கக் கூடாது என்றார்கள். முதல் மூன்று நாள் விமர்சனமே வரக் கூடாது என்று உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்துவிட்டது. அந்தச் செய்தியைக் காட்டி நம் தாளை நிறுத்தச் சொன்னவர்கள் உண்டு. நம் தாள் வரும்போது பெரும்பாலும் படம் தியேட்டரை விட்டே போயிருக்கும். வசூலைக் கெடுக்கும் பலம் அதற்கு இல்லை.

தவறு செய்யாமல் இல்லை. ஒரு படத்தின் ஒளிப்பதிவு இருண்டு கிடக்கிறது, முகமே தெரியவில்லை என்று எழுதினேன். பத்து நாள் கழித்துத் திருநெல்வேலியில் அதே படத்தைப் பார்த்தேன். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. முதலில் பார்த்த தியேட்டரில் புரொஜெக்டர் விளக்கு மங்கியிருக்கிறது. திரையில் 14 ஃபுட் லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் விழ வேண்டும் என்பது தரக்கணக்கு. பழைய விளக்கை மாற்றாமல் ஓட்டினால் அது வெகுவாகக் குறைந்துவிடும். அடுத்த தாளின் முதல் பத்தியிலேயே ஒளிப்பதிவாளரிடம் மன்னிப்புக் கேட்டு, நடந்ததையும் எழுதினேன். தியேட்டர் பெயரைப் போடவில்லை. ஆனாலும் காலைக்காட்சிக்குச் சலுகை வாடகையில் நமக்குத் திரை கொடுத்து வந்த ஒரு தியேட்டர் அதற்குப் பிறகு கொடுப்பதில்லை. ஜனவரி முதல் வாசகசாலைச் சுவரில் படம் போடுகிறோம்.

அங்கேயும் எத்தனை பேர் வருகிறார்கள்? பதிவேட்டில் 86 உறுப்பினர். திரையிடலுக்குச் சராசரியாக 15 பேர். பிப்ரவரியில் ஒன்பது பேர்தான், அதில் மூவர் வாசகசாலைக்குப் பேப்பர் படிக்க வந்தவர்கள். ஆண்டுச் சந்தா 500 ரூபாய். கட்டியவர்கள் 41. இரண்டு ஆண்டாகக் கட்டாதவர்கள் 19. விமர்சனம் கடுமை என்று செயற்குழுவுக்குக் கடிதம் எழுதிய ஏழு பேரில் ஐந்து பேர் இந்தப் பத்தொன்பதில் இருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். கடிதம் எழுதும் அக்கறை உள்ளவர்கள் படம் பார்க்கவும் வந்திருக்கலாம். வந்து, நான் எழுதியது எங்கே தவறு என்று எல்லோர் முன்னாலும் பேசியிருந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்!

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரவை விடச் செலவு சற்றுக் கூடுதல். பற்றாக்குறையைச் செயற்குழுவில் சிலர் கைக்காசு போட்டுச் சரிக்கட்டியிருக்கிறோம். ஜெராக்ஸ் கடைக்கு இரண்டு மாதப் பாக்கி உண்டு.

இடம் தந்த வாசகசாலை நிர்வாகத்துக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், தலைவருக்கும், துணைத்தலைவருக்கும், தேநீர் தந்த கடைக்காரருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். செயலாளரை மாற்ற வேண்டும் என்று பொதுக்குழு நினைத்தால் மாற்றலாம், எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் தாளை நிறுத்தக் கூடாது. ஒருவரே 24 படம் எழுதுவதால்தான் எல்லாம் ஒரே குரலில் கேட்கிறது. மார்த்தாண்டம் பக்கம் மலையாளப் படங்களை வந்த அன்றே பார்க்கிறவர்கள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். கடற்கரை ஊர்களிலிருந்து நான்கு பேர் இருக்கிறார்கள். வலையும் வள்ளமும் வரும் படத்தை அவர்கள் எழுதினால் நான் எழுதுவதை விட நூறு மடங்கு சரியாக இருக்கும். மாதம் ஒரு பக்கம் போதும். பாராட்டித்தான் எழுதுவேன் என்றாலும் சரி, ஏன் பிடித்தது என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள், ஒரு சொல் மாற்றாமல் போடுகிறேன்.

பொருளாளர் ஞாயிறுதோறும் மாலை ஆறு முதல் எட்டு மணி வரை வாசகசாலையில் இருப்பார். ரசீதுப் புத்தகம் அவரிடம் இருக்கிறது. இரண்டு ஆண்டுச் சந்தாவை ஒன்றாகக் கட்ட முடியாதவர்கள் தவணையாகக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்