வயரைக் கழற்றிவிட்டு எஃப் 1 ஐ அழுத்திப் பாருங்கள்

வன்னிப் பாடசாலைகளுக்குக் கணினி வாங்கித் தரும் பழைய மாணவர் சங்கங்களுக்கும், அவற்றில் மென்பொருள் பதிந்து தரும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

நீங்கள் தந்த கணினிகளில்தான் நாங்கள் படிப்பிக்கிறோம். பரந்தனில் இருந்து புதுக்குடியிருப்பு வரை, மற்றப் பக்கம் மல்லாவி, துணுக்காய், முழங்காவில் வரை, பல பாடசாலைகளில் கணினி அறை என்று ஒன்று இருப்பதே உங்களைப் போன்றவர்களால்தான். அந்த நன்றி மனதில் இருப்பதால்தான் இந்தக் குறையை உங்களிடமே சொல்கிறேன்.

நாடா வெட்டும் நாளில் எத்தனை கணினி என்று எண்ணுகிறீர்கள். ராம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம், யூபிஎஸ் உண்டா என்று அதிபரும் விசாரிக்கிறார். பிள்ளைகள் படிக்கும் பைத்தன் என்ற நிரல் மொழியில் எழுதப் பயன்படும் ஐடில் என்ற மென்பொருளைத் திறந்து, உதவி கேட்கும் எஃப் 1 ஐ அழுத்தினால் என்ன வருகிறது என்று யாரும் கேட்டு நான் கண்டதில்லை. கொழும்பிலோ டொரன்டோவிலோ இருந்து பார்த்தால் இது ஒரு விஷயமாகத் தெரியாதுதான். அங்கே ஒன்று விளங்காவிட்டால் கூகுளில் தேடலாம், இப்போதென்றால் ஏஐயிடம் கேட்கலாம். இங்கே பல லாப்களில் இணைய இணைப்பு அதிபரின் அலுவலகத்தோடு நின்றுவிடும். வகுப்பில் ஒன்றைத் தேட வேண்டுமென்றால் ஆசிரியர் தன் போனில் ஹொட்ஸ்பொட் போட வேண்டும். ரீலோட்டும் அவர் காசுதான். மாரியில் சிக்னல் சொல்லிக்கொள்ளாமல் போய்விடும். கணினிப் பாடம் எடுக்கும் ஐசிடி ஆசிரியருக்கு இடமாற்றம் வந்துவிட்டால், அடுத்தவர் வரும்வரை லாபில் பிள்ளைகளும் கணினிகளும் மட்டும்தான்.

அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கக்கூடிய ஒன்று பைத்தனுக்கு உள்ளேயே இருக்கிறது. ஹெல்ப் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் பிரின்ட் என்று போட்டால், பிரின்ட் என்ன செய்யும், அதற்கு என்னென்ன கொடுக்கலாம் என்று சொல்லும். மேற்கோளுக்குள் ‘ஃபோர்’ என்று போட்டால், ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் மடக்கை எப்படி எழுதுவது என்று சொல்லும். இதைச் செய்யும் பைடொக் என்ற கருவி 2001 இல், 2.1 ஆம் பதிப்போடு வந்தது. போரால் மூடிக் கிடந்த ஏ9 பாதை யாழ்ப்பாணம் வரை மறுபடி திறந்ததே 2002 இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இவ்வளவு பழைய, இணையமே கேட்காத ஒரு வசதி, நீங்கள் பதிந்து தரும் கணினிகளில் ஏன் இப்படி அடிக்கடி பழுதாகக் கிடக்கிறது? நான் கண்ட காரணங்களைச் சொல்கிறேன். எல்லாமே பதியும் நேரத்தில் திருத்தக்கூடியவை.

முதலாவது எஃப் 1. ஐடிலில் இதை அழுத்தினால், ஆவணங்கள் அந்தக் கணினியில் பதியப்பட்டிருந்தால் அவை திறக்கும். இல்லாவிட்டால் உலாவி திறந்து பைத்தனின் இணையத்தளத்துக்குப் போகப் பார்க்கும். நெட் உள்ள வீட்டில் வைத்துச் சோதிக்கும் தம்பிக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும்: பக்கம் வருகிறது, சரி, அடுத்த கணினி. அதே கணினி விசுவமடுவுக்கு வந்து சேர்ந்ததும் ‘இணைய இணைப்பு இல்லை’ என்ற பக்கம்தான் வரும். பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, பைத்தன் படிக்க நெட் வேண்டும் என்று முடிவு கட்டிவிடும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எஃப் 1 பக்கம் போகவே போகாது.

விண்டோஸில் பைத்தனைப் பதியும்போது நேரடியாக ‘இன்ஸ்டோல் நௌ’ கொடுத்தால் ஆவணங்களும் சேர்ந்தே வரும். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ‘கஸ்டமைஸ்’ பக்கம் போய் ‘டொக்யூமென்டேஷன்’ என்ற பெட்டியில் சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் வராது. எடுத்துவிட்டிருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கொன்ட்ரோல் பனலில் பைத்தனைத் தெரிந்து ‘மொடிஃபை’ கொடுத்து அந்தப் பெட்டியை மறுபடி தொட்டால் சரி. இன்னொரு வகை இருக்கிறது, அது கொஞ்சம் மோசம். ஒரு கணினியில் பதிந்துவிட்டு அந்த ஃபோல்டரை மற்றக் கணினிகளுக்கெல்லாம் பென் டிரைவில் கொண்டுபோய் ஒட்டுவது. நிரல் ஓடும், ஐடிலும் திறக்கும். ஆனால் புதிய பதிப்புகளில் ஐடில் உதவி ஆவணம் எங்கே இருக்கிறதென்று விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) பார்க்கிறது. ஃபோல்டரை ஒட்டினால் பதிவேட்டில் ஒன்றும் எழுதப்படாது. ஆவணம் வன்தட்டில் இருந்தும் எஃப் 1 அதைக் காணாது.

உபுண்டு போட்டுத் தருபவர்களுக்கு ஒரு வார்த்தை. நல்ல காரியம், தொடர்ந்து செய்யுங்கள். ஆனால் அங்கே ஐடில் ஒரு தனிப் பொதி, பைத்தன் ஆவணங்கள் இன்னொரு தனிப் பொதி. இரண்டையும் நெட் உள்ள இடத்திலேயே இறக்கிவிடுங்கள். லாபுக்கு வந்த பிறகு இறக்கலாம் என்று விட்டால் அது நடக்காது.

இனி, என்னை உண்மையிலேயே அலைக்கழித்த ஒன்று. பெயர் வேண்டாம், ஒரு பாடசாலை லாப். உயர்தரப் பிள்ளை ஒருத்தி வந்து, ‘சேர், ஹெல்ப் பாதிக்குத்தான் வேலை செய்யுது’ என்றாள். பாதி ஹெல்ப் என்றால் என்ன என்று போய்ப் பார்த்தேன். பிரின்டுக்கு விளக்கம் வருகிறது. நீளம் சொல்லும் லென்னுக்கு வருகிறது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற புள்ளிவிவரத் தொகுதியில் சராசரி காணும் செயற்கூறைக் (ஃபங்ஷன்) கேட்டால் பெயரும் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லும் மட்டும். கீழே வெறுமை. பைத்தனை அழித்துவிட்டு மறுபடி பதிந்தாலும் அப்படியேதான்.

விஷயம் இதுதான். பைத்தனில் எழுதப்பட்ட தொகுதிகளின் விளக்கம் அந்தந்த நிரலுக்குள்ளேயே ஓர் எழுத்துச் சரமாக இருக்கும். ஹெல்ப் எடுத்துக் காட்டுவது அந்தச் சரத்தைத்தான். பைத்தனை இரட்டை ‘ஓ’ என்ற தெரிவோடு ஓட்டினால் இந்த விளக்கங்களை வீசிவிட்டு ஓடும். பிரின்ட், லென் போன்றவை சி மொழியில் எழுதி உள்ளே பொதிந்தவை, ஆகவே அவற்றின் விளக்கம் தப்பிவிடும். யாரோ ஒரு புண்ணியவான், பழைய கணினி கொஞ்சம் வேகமாக ஓடட்டும் என்று விண்டோஸின் சூழல் மாறிகளில், அதாவது நிரல்கள் தொடங்கும்போது பார்க்கும் பொது அமைப்புகளில், ‘பைத்தன் ஒப்டிமைஸ்’ என்பதை 2 என்று வைத்திருக்கிறார். சூழல் மாறி விண்டோஸுக்குச் சொந்தம், பைத்தனை எத்தனை தரம் அழித்துப் பதிந்தாலும் அது அசையாது. இதனால் வேகம் சொல்லும்படி கூடுவதில்லை. போதாததற்கு, நிரல் சரியாகப் போகிறதா என்று சோதிக்கும் அசர்ட் கூற்றுகளும் வேலை செய்யாமல் போகும், பிள்ளையின் நிரல் பிழையைப் பிடிக்காமல் பேசாமல் தாண்டிப் போகும். அந்த மாறியை அழித்துவிட்டு ஐடிலை மூடித் திறந்தேன், விளக்கம் வந்தது. தயவு செய்து வேகம் கூட்டுகிறேன் என்று இப்படி எதையும் வைக்காதீர்கள். வைத்தால் ஒரு தாளில் எழுதிக் கணினியில் ஒட்டிவிட்டாவது போங்கள்.

பழைய கணினிகளை அனுப்புபவர்களுக்கு வேறொரு சிக்கல். விண்டோஸ் 7 இல் ஓடும் கடைசிப் பைத்தன் 3.8. அந்தக் காலத்து உதவி சி.எச்.எம் என்ற ஒற்றைக் கோப்பாக வரும். இந்தக் கோப்பை இணையத்தில் இருந்து இறக்கி வைத்தால், அல்லது லாபின் பொது ஃபோல்டரில் போட்டு மற்றக் கணினிகளில் இருந்து திறந்தால், இடப்பக்கம் பொருளடக்கம் அழகாக வரும், வலப்பக்கம் வெள்ளையாகக் கிடக்கும். கோப்பு பழுதென்று நினைத்து அழித்துவிடுவார்கள். பழுதில்லை. வெளியில் இருந்து வந்த சி.எச்.எம் கோப்பின் உள்ளடக்கத்தை விண்டோஸ் பாதுகாப்புக்காக மறைத்து வைக்கிறது. கோப்பின் மேல் வலது சொடுக்கி, ‘ப்ரொப்பர்டீஸ்’ போய், ‘அன்பிளொக்’ கொடுங்கள். பொது ஃபோல்டரில் இருந்தால் ஒவ்வொரு கணினியின் வன்தட்டுக்கும் கொப்பி பண்ணுங்கள். வேடிக்கை என்னவென்றால், ஃபேட் 32 முறையில் ஃபோமட் செய்த பென்னில் வந்த கோப்புக்கு இந்தச் சிக்கல் வராது. அந்த முறையில் ‘இது இணையத்தில் இருந்து வந்தது’ என்ற குறிப்பைச் சேமிக்க இடமில்லை. ஒரே கோப்பு ஒரு கணினியில் திறந்து மற்றதில் திறக்காததற்கு இதுதான் காரணம், பேய் பிசாசு ஒன்றுமில்லை. அப்புறம், ஃபோல்டரின் பெயரில் ஹாஷ் குறி இருந்தாலும் சி.எச்.எம் திறக்காது. சி ஷார்ப் குறிப்புகளோடு சேர்த்து வைப்பவர்கள் கவனியுங்கள்.

சாதாரண தரப் பிள்ளைகள் படிக்கும் பாஸ்கலுக்கும் இதே கதை. ஃப்ரீ பாஸ்கலின் உதவிக் கோப்புகளைத் தனியாக இறக்கி, ஹெல்ப் பட்டியலில் ‘ஃபைல்ஸ்’ என்ற இடத்தில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். செய்து கொடுத்தவர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை.

சில தொல்லைகள் கணினியில் இல்லை, பழக்கத்தில் இருக்கின்றன. கறுப்பாக வரும் கட்டளைச் சாளரத்தில் ஹெல்ப் கேட்டால் ஒரு பக்கம் நிரம்பியதும் ‘மோர்’ என்று கீழே நிற்கும். ஸ்பேஸ் தட்டினால் அடுத்த பக்கம், கியூ தட்டினால் வெளியே. தெரியாத பிள்ளை கணினி இறுகிவிட்டதென்று பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கும். இன்னொன்று: எழுந்தமான எண்களைத் தரும் ரான்டம் தொகுதியைப் படிக்கும் பிள்ளை தன் நிரலுக்கும் ‘ரான்டம்’ என்றே பெயர் வைத்துவிடும். பிறகு ஹெல்ப் கேட்டால் அதன் சொந்த நிரலின் விளக்கம்தான் வரும். உதவிப் பக்கத்தின் அடியில் ‘ஃபைல்’ என்று ஒரு வரி, கோப்பு எங்கே இருக்கிறதென்று சொல்லும். உதவி விசித்திரமாக இருந்தால் முதலில் அந்த வரியைப் பார்க்கும்படி நான் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். இதெல்லாம் எங்கள் வேலை, உங்கள் தலையில் போடவில்லை.

உங்களிடம் கேட்பது வேறு. கட்டளைச் சாளரத்தில் பைத்தன், கோடு எம், பைடொக், கோடு பி என்பவற்றை ஆங்கில எழுத்தில், இடைவெளி விட்டு (python -m pydoc -b) அடித்தால் எல்லாத் தொகுதிகளின் உதவியும் உலாவியில் பட்டியலாகத் திறக்கும். சேவையகம் அதே கணினிக்குள் ஓடுகிறது, நெட் வேண்டாம். இந்தக் கட்டளையை ஒரு குறுக்குவழியாக்கி மேசைத்திரையில் வைத்துத் தாருங்கள். அதில் சில பக்கங்களின் மேலே முழு ஆவணத்துக்குப் போகும் இணைப்பு இருக்கும், அது மட்டும் இணையத்துக்கு ஓடும். அதற்கும் வழி உண்டு. பைத்தனின் ஆவணங்களை எச்.டி.எம்.எல் வடிவில் ஸிப்பாக இலவசமாக இறக்கலாம். அதை வன்தட்டில் விரித்துவிட்டு, அதன் முதற் பக்கத்துக்கும் ஒரு குறுக்குவழியை மேசைத்திரையில் வைத்துத் தாருங்கள்.

‘எல்லாம் ஆங்கிலத்தில் கிடக்கிறது, தமிழ்மூலப் பிள்ளை வாசிக்குமா’ என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். முழுவதையும் வாசிக்காது. ஆனால் உதாரணத்தைப் பார்த்து எழுதிப் பார்க்கும், அடைப்புக்குறிக்குள் எத்தனை கொடுப்பதென்று பார்க்கும். நிரல் எழுதத் தொடங்கும் பிள்ளைக்கு அதுவே பெரிய உதவி. அதற்கு மேலும் செய்யலாம். பைத்தன் 3 இல் செயற்கூறின் விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம், ஹெல்ப் அதைத் தமிழிலேயே காட்டும். விண்டோஸின் கறுப்புச் சாளரத்தில் எழுத்துகள் பெட்டி பெட்டியாக உடையும். ஐடிலிலும் உலாவியிலும் ஒழுங்காக வரும். பாடத்திட்டத்தில் வரும் பட்டியல், சரம், கோப்பு ஆகியவற்றுக்கு நான் அப்படிச் சில செயற்கூறுகள் எழுதி ஒரு கோப்பாக வைத்திருக்கிறேன். பைத்தன் தேடும் இடத்தில் அந்தக் கோப்பை வைத்தால் பைடொக் பட்டியலில் மற்றத் தொகுதிகளோடு சேர்ந்து அதுவும் நிற்கிறது. அறிவியல் நகரில் பொறியியலும் தொழில்நுட்பமும் படிக்கும் பிள்ளைகள் ஒரு விடுமுறையில் உட்கார்ந்தால் இதைப் பாடத்திட்டம் முழுவதற்கும் விரித்துவிடலாம். சங்கங்கள் அவர்களுக்குச் சாப்பாடும் பஸ் காசும் கொடுத்தால் போதும்.

கணினியைக் கையளிக்கும் முன் ஒரு சோதனை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நெட் வயரைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். எஃப் 1 ஐ அழுத்துங்கள். பிரின்டுக்கும் ஸ்டாட்டிஸ்டிக்ஸின் சராசரிக்கும் ஹெல்ப் கேளுங்கள். மூன்றும் வந்தால் ஏற்றி அனுப்புங்கள். வராவிட்டால் வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நிறுத்தும் நேரத்திலாவது மடியில் வைத்துத் திருத்தலாம், மடிக்கணினி என்றால்.

ஆவணப் பொதியும் தமிழ் விளக்கக் கோப்பும் என்னிடம் இருக்கின்றன. வரும்போது ஒரு பென் டிரைவ் கொண்டுவாருங்கள், கொப்பி பண்ணித் தருகிறேன்.

இப்படிக்கு,
முல்லைத்தீவு மாவட்டத்து ஐசிடி ஆசிரியர் ஒருவர்