பணியாளர்களின் கருத்தடைக் காப்பீட்டை நீக்கியது குறித்துக் கைவினைப் பொருள் கடை நிர்வாகத்துக்குப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் ஒருவர்,
டல்லாஸ் புறநகர், டெக்சாஸ்.

பெறுநர்:
தலைமை நிர்வாகி,
கைவினைப் பொருள் தொடர்கடை நிறுவனம்,
தலைமை அலுவலகம்.

நாள்: 18.09.2023

பொருள்: பணியாளர்களின் மருத்துவக் காப்பீட்டிலிருந்து சில கருத்தடை முறைகளை நீக்கியது, அதன் காரணமாகத் தங்கள் கடைகளில் வாங்குவதை நிறுத்துவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். வரும் ஜனவரி முதல் தங்கள் பணியாளர்களின் மருத்துவக் காப்பீட்டில் காப்பர்-டி, ஹார்மோன் வகைக் கருப்பைச் சாதனம், அவசரக் கருத்தடை மாத்திரை ஆகியவற்றுக்கு இடமில்லை என்று அவர்களுக்கு வழங்கப்பட்டுள்ள அறிவிப்பைப் படித்தேன். பல் மருத்துவத்துக்கும் மூக்குக் கண்ணாடிக்குமான விவரங்களுக்கு நடுவே, உரிமையாளர் குடும்பத்தின் மத நம்பிக்கையைக் காரணம் காட்டி, ஒரே ஒரு வாக்கியத்தில் அது முடிந்துவிட்டது. அறிவிப்பை எனக்குக் காட்டியவர் யார், எந்தக் கிளையில் வேலை செய்கிறார் என்பதைச் சொல்வதாக இல்லை. இந்த முடிவு திரும்பப் பெறப்படும்வரை தங்கள் கடைகளில் எதையும் வாங்குவதில்லை என்று நானும், என்னோடு சேர்ந்து மொத்தமாக வாங்கும் சில குடும்பத்தினரும் தீர்மானித்திருக்கிறோம். கடிதத்தின் ஆங்கிலப் பிரதியைத் தனியே அனுப்பியிருக்கிறேன். தமிழில் எழுதியதற்குக் காரணம், எங்கள் வீட்டுப் பெரியவர்களும் படித்துப் பார்த்துத் தாங்களே ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்பதுதான்.

நவராத்திரி நெருங்கும் இந்த வாரங்களில் கொலுவுக்கான ஃபோம் பலகை, பூங்கா அமைக்கும் செயற்கைப் புல், படியில் விரிக்கும் சாட்டின் துணி, பொம்மைகளின் உரிந்துபோன முகத்துக்குப் பூசும் அக்ரிலிக் வண்ணம் எல்லாவற்றையும் இதுவரை தங்கள் கடையிலேயே வாங்கி வந்தோம். துணி வெட்டும் மேசையில் நிற்கும் பெண்கள் விளிம்பு கோணாமல் அளந்து, மடிப்புத் தெரியாதபடி சுருட்டிக் கொடுப்பார்கள். சரிகைக் கரையைத் தடவிப் பார்த்து, எந்தப் பண்டிகைக்கு என்று கேட்டுவிட்டு, ஓரிரு அங்குலம் தாராளமாகவே வெட்டுவார்கள். நாங்கள் தேடி வந்த கடை என்பது எங்களைப் பொறுத்தவரை அந்த மேசையும் அதன் பின்னால் நின்றவர்களும்தான். அவர்களுடைய காப்பீட்டில்தான் தாங்கள் கை வைத்திருக்கிறீர்கள்.

உரிமையாளர்களின் பக்தியின் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்கள் கடையைத் திறப்பதில்லை. வார இறுதியில்தான் எங்களுக்கு நேரம் கிடைக்கும் என்றாலும் அதைப் பற்றி ஒருநாளும் முணுமுணுத்ததில்லை, ஏனெனில் அந்த விடுமுறையால் குறையும் வருமானம் தங்களுடையது. விரதம் இருப்பவர் தம் இலையை மூடிக்கொள்ளலாம்; பக்கத்து இலையில் பரிமாறியதை வழித்தெடுக்க அவருக்கு உரிமை கிடையாது. மருத்துவக் காப்பீடு முதலாளி மனமிரங்கித் தரும் அன்பளிப்பு அல்ல. மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்படும் பிரீமியம் ஒருபுறம் இருக்க, தாங்கள் செலுத்தும் பங்கும் அவர்கள் செய்த வேலைக்கான கூலியின் ஒரு பகுதியே. அந்தக் கூலியைக் கொண்டு மருத்துவரிடம் என்ன சிகிச்சை பெறுவது என்பதில் கொடுத்தவரின் மதம் குறுக்கிடுவது எந்த வகையில் நியாயம்?

இது குறித்து நான் கேட்டதற்குத் தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து வந்த பதில், 2014 ஜூன் 30 அன்று ஹாபி லாபி என்ற கைவினைப் பொருள் தொடர்கடை நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் துணைக்கு அழைக்கிறது. அந்தத் தீர்ப்பை முழுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒபாமா காலத்துக் காப்பீட்டுச் சட்டத்தின்படி கட்டணமின்றி வழங்க வேண்டியிருந்த இருபது கருத்தடை முறைகளில் நான்கை மட்டுமே, கருவுற்ற முட்டை கருப்பையில் பதிவதைத் தடுக்கக்கூடும் என்ற நம்பிக்கையில், அந்த நிறுவனத்தின் கிரீன் குடும்பம் எதிர்த்தது. 1993ஆம் ஆண்டின் மதச் சுதந்திர மீட்புச் சட்டத்தை வைத்து, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஆனால், பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி அலிட்டோ ஒரு மாற்று வழியைச் சுட்டிக்காட்டியே அந்த முடிவுக்கு வந்தார். முதலாளி தம் ஆட்சேபத்தைத் தெரிவித்துவிட்டால், காப்பீட்டு நிறுவனமே அந்தச் செலவைத் தனியாக ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு மத அமைப்புகளுக்கு ஏற்கெனவே இருந்தது. அதை ஹாபி லாபி போன்ற தனியார் நிறுவனங்களுக்கும் நீட்டித்தால் பெண் பணியாளர்களுக்கு ஏற்படும் பாதிப்பு பூஜ்யம் என்பது அவருடைய வாதம். பின்னர் 2018இல் வந்த விதிகள் அந்த ஏற்பாட்டை முதலாளியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டன. அத்தகைய விதிகளை வெளியிட அரசுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே தாங்கள் செய்தது சட்டவிரோதம் என்று நான் சொல்ல வரவில்லை. பணியாளர்களுக்கு எந்தக் குறையும் வராமல் தங்கள் மனச்சாட்சியையும் காப்பாற்றிக்கொள்ளும் வழி ஒன்று கண்ணெதிரே திறந்திருக்க, அதை விட்டுவிட்டு முழு விலக்கைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதே என் புகார். பாதிப்பே இருக்காது என்ற நம்பிக்கையின் மேல் எழுதப்பட்ட தீர்ப்பை, பாதிப்பு ஏற்படுத்திய பிறகு கேடயமாகக் காட்டுவது முறையாகாது.

மருத்துவக் காரணமும் இப்போது முன்போல் நிற்கவில்லை. லெவோனோர்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் அடங்கிய 'பிளான் பி' என்னும் அவசரக் கருத்தடை மாத்திரை முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதன் மூலம் வேலை செய்கிறது. கரு பதிவதை அது தடுக்கக்கூடும் என்று பெட்டியில் இருந்த பழைய வாசகத்தைக் கடந்த டிசம்பரில், அதாவது 2022இல், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நீக்கிவிட்டது. ஹார்மோன் சாதனத்தைக் கருத்தடைக்காக மட்டுமே பொருத்துகிறார்கள் என்றும் எண்ண வேண்டாம். மாதவிடாயில் அதிக உதிரப்போக்கால் ரத்தசோகை வரை போகும் பெண்களுக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. தங்கள் அறிவிப்பில் இந்த வேறுபாடு எங்குமே இல்லை. அப்படியானால் உதிரப்போக்கோடு நாள் முழுவதும் நின்றுகொண்டு துணி வெட்டும் ஒருவர், தம் உடல்நிலையை எச்.ஆர். அலுவலகத்தில் விளக்கிச் சொல்லி அனுமதி வாங்க வேண்டுமா?

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹாபி லாபி வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், கருப்பைச் சாதனம் ஒன்றின் செலவு, குறைந்தபட்சக் கூலி வாங்கும் ஒருவரின் ஏறக்குறைய ஒரு மாத முழுநேரச் சம்பளம் என்று கணக்குக் காட்டினார். மணிக்கு 7.25 டாலர் என்ற அந்தக் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் இன்றுவரை உயரவில்லை. டெக்சாஸிலும் அதுவே நடைமுறை. தாங்கள் அதைவிடக் கூடுதலாகத் தருவது உண்மைதான், அதற்குப் பாராட்டுகள். ஆனாலும் பகுதிநேரமும் முழுநேரமும் மாறிமாறிக் கிடைக்கும் ஒருவருக்கு அது கையைக் கடிக்கும் தொகை. 2022 முதல் கருக்கலைப்புக்கு ஏறத்தாழ முழுத் தடை உள்ள இந்த மாநிலத்தில் கருத்தடை தவறினால் அவர் எங்கே போவார் என்பதையும், கருக்கலைப்பை எதிர்ப்பதாகச் சொல்லும் தாங்களே யோசித்துப் பார்க்க வேண்டும்.

நாங்கள் வாங்குவதை நிறுத்தினால் குறைவது அதே பெண்களின் வேலை நேரம்தான் என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் ஆட்சேபித்தார். அது உண்மையான கவலை. அதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. எனவேதான் சத்தமில்லாமல் வேறு கடைக்குப் போய்விடாமல், எதற்காக நிறுத்துகிறோம், எதைச் செய்தால் திரும்பி வருவோம் என்பதை எழுத்தில் தெரிவிக்கிறேன். விற்பனை குறைந்தால் காரணம் தங்கள் முடிவுதான் என்பது பதிவாகட்டும். கிளை ஊழியர்களின் மெத்தனம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

நீக்கிய முறைகளை மீண்டும் சேர்ப்பதே நாங்கள் விரும்புவது. தங்கள் மனம் அதற்கு இடம் தரவில்லையென்றால், மேலே சொன்ன மாற்று ஏற்பாட்டையாவது ஜனவரிக்குள் ஏற்றுக்கொள்ளுங்கள்; அதற்குத் தங்கள் கைப்பணம் செலவாகாது. சிகிச்சைக்காக ஹார்மோன் சாதனம் தேவைப்படுவோருக்கு விலக்கு உண்டா என்பதை மட்டும், மற்ற முடிவுகளுக்குக் காத்திராமல், பணியாளர்களுக்கு உடனே எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும்.

என்னிடம் எஞ்சியுள்ள தங்கள் பரிசு அட்டையை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதிலுள்ள தொகையைக் காசோலையாக அனுப்பிவைக்கவும். அக்டோபர் 15 அன்று நவராத்திரி தொடங்குகிறது. கொலுப் பொருள்களை வேறு கடையில் சொல்லி வைத்துவிட்டோம். அடுத்த ஆண்டு எங்கே வாங்குவது என்பதை, பணியாளர்கள் அடுத்த ஆண்டுக்கான காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும் திறந்த சேர்க்கைக் காலம் முடிவதற்குள் தாங்கள் அனுப்பும் பதிலைப் பார்த்துத் தீர்மானிப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர் ஒருவர்.

இணைப்பு: பரிசு அட்டை.