லினக்ஸ் போட்ட லேப்டாப் தூங்க மறுத்தால் பேட்டரியை மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாமல் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பயன்படுத்தலாம் என்று உங்கள் நாளிதழில் எழுதியிருந்தீர்கள். என் கடைக்கு வருகிறவர்களிடம் நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் கட்டுரையில் முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது. லேப்டாப்பை மூடினால் அது தூங்க வேண்டும், திறந்தால் விழிக்க வேண்டும். லினக்ஸுக்கு மாறியவர்கள் பலர் வெறுத்துப்போய்த் திரும்பி ஓடுவது இந்த இடத்தில்தான்.

திண்டுக்கல்லில் லேப்டாப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சமீபத்தில் நர்சிங் படிக்கும் பெண் ஒருவர் வந்தார். "ராத்திரி மூடி வைக்கும்போது நல்லா சார்ஜ் இருக்குண்ணே, காலையில எடுத்தா செத்துக் கிடக்கு" என்றார். இதற்காக வேறொரு கடையில் பேட்டரியையே மாற்றியிருக்கிறார்கள். அப்புறமும் அதே கதைதான். கூலி வேலைக்குப் போகும் அப்பா கொடுத்த பணம் அது. பழைய பேட்டரியைச் சோதித்துப் பார்த்தேன், அதில் ஒரு குறையும் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

லேப்டாப் தூங்குவதில் இரண்டு வகை உண்டு. எஸ்-3 என்ற பழைய முறையில் ராம் என்ற தற்காலிக நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், பிராசசர் உட்பட ஏறக்குறைய மற்ற எல்லாம் அணைந்துவிடும். இப்போது வரும் பல லேப்டாப்களில் விண்டோஸின் மாடர்ன் ஸ்டாண்ட்பைக்காக வேறு முறை வைக்கிறார்கள். லினக்ஸில் அதற்கு எஸ்2ஐடில் என்று பெயர். இதில் பிராசசர் அணைவதில்லை, சும்மா இருக்கிறது, அவ்வளவுதான். மற்ற பாகங்களும் ஒவ்வொன்றாக அடங்கினால்தான் அது ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும். வைஃபை கார்டோ, கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியோ ஏதாவது ஒன்று அடங்காவிட்டாலும் விடிய விடிய பேட்டரி கரையும்.

எந்த முறை நடப்பில் இருக்கிறது என்று அறிவது சுலபம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து, சிஸ் அடைவுக்குள் (ஃபோல்டருக்குள்) இருக்கும் பவர் அடைவில் மெம்_ஸ்லீப் என்ற கோப்பைப் படியுங்கள். எஸ்2ஐடில், டீப் என்று இரண்டும் தெரிந்தால் இரண்டு வழியும் உண்டு, சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் இப்போதைய தேர்வு. டீப் என்பதுதான் எஸ்-3. அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் டீப் இருந்தும் எஸ்2ஐடில்தான் தேர்வாகியிருந்தது. கணினி தொடங்கும்போது லினக்ஸை ஏற்றும் கிரப் என்ற நிரலின் அமைப்பில், கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதிக்கு) போகும் வரியில் மெம்_ஸ்லீப்_டிஃபால்ட் என்பதற்கு டீப் என்று மதிப்புக் கொடுத்து, கிரப்பைப் புதுப்பித்தேன். மறுநாள் காலையில் சார்ஜ் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. ஒரு ரூபாய்ப் பொருள்கூட மாற்றவில்லை.

பைக்குள் வைத்த லேப்டாப் தானாக விழித்துச் சூடாவது இன்னொரு புகார். ப்ராக் அடைவுக்குள் ஏசிபிஐ அடைவில் வேக்அப் என்ற கோப்பு இருக்கிறது. கணினியை எழுப்ப எந்தெந்தக் கருவிக்கு அனுமதி உண்டு என்று அதில் பட்டியலாகத் தெரியும். பல நேரம் யுஎஸ்பியைக் கவனிக்கும் எக்ஸ்எச்சிதான் காரணம், வயர்லெஸ் மவுஸின் ரிசீவரைச் செருகியபடியே மூடியிருப்பார்கள். எக்ஸ்எச்சியின் அனுமதியை நிறுத்தலாம். ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும், அதனால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தானாக நிறுத்தும்படி எழுதி வைக்க வேண்டும். திறந்தால் திரை கறுப்பாகவே இருக்கிறது என்றால் முதலில் கிராபிக்ஸ் டிரைவரைச் சந்தேகப்படுங்கள், முக்கியமாக என்விடியா இருந்தால். மதர்போர்டு போச்சு என்று யார் சொன்னாலும், லினக்ஸின் பதிவேட்டைக் காட்டும் ஜர்னல்சிடிஎல் கட்டளையில், முந்தைய முறை கணினி ஓடியபோது பதிவானதைப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

இதையெல்லாம் வாங்குகிறவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. 2018இல் லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை எஸ்-3 இல்லாமல்தான் விற்பனைக்கு வந்தது. லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் விடாமல் கேட்டார்கள். லெனோவோ அதே ஆண்டில் பயாஸுக்கு (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளுக்கு) அப்டேட் கொடுத்து, ஸ்லீப் ஸ்டேட் என்ற இடத்தில் லினக்ஸ் என்ற தேர்வையும் சேர்த்தது. ஆக, தயாரிப்பவர்கள் மனது வைத்தால் முடிகிறது. எஸ்-3 உண்டா இல்லையா என்பதை ராம், எஸ்எஸ்டி அளவைப் போல விவரப் பட்டியலில் அவர்கள் அச்சிட வேண்டும்.

தமிழக அரசு மாணவர்களுக்குத் தந்த லேப்டாப்களில், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் என்ற லினக்ஸும் இருந்திருக்கிறது. இனி லினக்ஸோடு எதை வாங்கினாலும், ஒரு ராத்திரி முழுக்க மூடி வைத்து, காலையில் திறந்து பேட்டரியைப் பார்க்கும் சோதனையை டெண்டரிலேயே சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய லேப்டாப் வாங்கப் போகும் வாசகர்கள் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையை ஏற்றிய பென்டிரைவைக் கையோடு எடுத்துப் போங்கள். எதையும் நிறுவாமல் அதிலிருந்தே ஓடவிட்டு, மூடியை மூடிச் சில நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். திரை வருகிறதா, வைஃபை மறுபடி இணைகிறதா, டச்பேட் நகர்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுதுபார்க்கும் வாசகர்,
திண்டுக்கல்.