பருத்தி ஆகாதாம், மாப்ள

திருப்பூர்,
ஆவணி 20

மாப்ள,

நாலு மாசமாக ஒரு வரி எழுதவில்லை என்று திட்டுவாய். திட்டிக்கொள். தங்கச்சிக்கு மூட்டுவலி தேவலையா? தேங்காய் விலை ஏறியதிலிருந்து நீ போனையே எடுப்பதில்லை என்று சுப்பு புலம்பினான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

புரட்டாசியில் நார்வே போகிறேன். ஆஸ்லோவில் இருக்கும் சின்னவள் டிக்கெட்டே போட்டுவிட்டாள். ட்ரோம்சோவில் நாலு நாள், அப்புறம் ஸ்வால்பார்ட் தீவில் லாங்இயர்பியென் என்கிற ஊரில் ஐந்து நாள். 78 பாகை வடக்கு. ஊட்டிக்கே குரங்குக் குல்லாய் போட்டவன் போகிறானாம் என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. விசாக் கதை தனி. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாக் கணக்கில் ஸ்வால்பார்ட் சேராது, போய்த் திரும்பி நுழைய இரட்டை நுழைவு விசா வேண்டியிருந்தது.

பெட்டி கட்டுவதில்தான் மானம் போனது. நம்ம யூனிட்டில் தைத்த பனியன் ஒரு டஜன், எல்லாம் எக்ஸ்போர்ட் சரக்கு, மடித்து அடுக்கி வீடியோவில் காட்டினேன். "அப்பா, பருத்தி ஒன்றுகூட ஆகாது" என்றாள். முப்பத்தைந்து வருஷமாகப் பருத்தியில் சோறு தின்கிறவனிடம்! நடந்தால் வேர்க்குமாம், பருத்தி அதைக் குடித்து வைத்துக்கொள்ளும், குளிரில் காயாது, நின்ற நிமிஷமே ஈரத்துணி உடம்புச் சூட்டை இழுத்துவிடும். 'வேர்வையை உறிஞ்சும்' என்று பெட்டிக்குப் பெட்டி நாமே அச்சடித்து விற்றோமே, அங்கே அதுதான் குற்றம்.

அவள் அனுப்பிய மெரினோ கம்பளி உள்ளாடை வந்தது. முதல் வேலையாக உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். எல்லாத் தையலும் பிளாட்லாக். கட்டை விரலை ஓட்டினால் எங்கேயும் தட்டவில்லை. அந்த ஊட்டி வாடகைக் கம்பளி மாதிரி அரிக்கவும் இல்லை. நனைந்தாலும் சூடு விடாதாம். பொறாமையாக இருந்தது, மாப்ள.

அதன் மேல் பஞ்சு மாதிரி மெத்தென்ற ஃப்ளீஸ் சட்டை, அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத கோட்டு. ஒரே தடிக் கோட்டாக வாங்கினால் தீராதா என்று சண்டை போட்டேன். தீராதாம். ட்ரோம்சோவில் அப்போது இலை பழுத்து உதிரும் காலம், எட்டுப் பத்து டிகிரி, மழை. அங்கிருந்து விமானம் ஏறி லாங்இயர்பியெனில் இறங்கினால் பூச்சியத்தைச் சுற்றி, பனியும் விழலாம். மேடு ஏறும்போது ஒன்றைக் கழற்றணும், நிற்கும்போது மாட்டணும். பூட்ஸ் ஒரு சைஸ் பெரிதாக வேண்டும்; தடிச் சாக்ஸோடு இறுக்கிப் போட்டால் ரத்தம் ஓடாமல் கால்விரல்தான் முதலில் விறைக்கும். அந்த ஊரில் விடுதி வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணுமாம், நிலக்கரிச் சுரங்க காலத்துப் பழக்கம். சரி, ஓட்டை இல்லாத சாக்ஸ் இருக்கிறதா என்று பீரோவைக் குடைந்தேன். ஒரு ஜோடி தேறவில்லை. திருப்பூர்க்காரன் லட்சணம்!

ஊர் எல்லையைத் தாண்டினால் வழிகாட்டி துப்பாக்கியோடு வருவார், வெள்ளைக்கரடிக்காக. இதைச் சுப்புவிடம் சொல்லித் தொலைக்காதே.

பொழுது அங்கே தினமும் கால் மணி நேரம் போலக் குறைகிறதாம். அக்டோபர் கடைசியில் மறைகிற சூரியன் பிப்ரவரி நடுவில்தான் திரும்பத் தலைகாட்டும். அம்மாவிடம் சொன்னேன். "அப்பறம் கோழி எப்பக் கூவும் சாமி?" என்றாள். "நம்மாளுக ஆராச்சும் அங்க இருக்காங்களா?" அதற்கும் வடக்கே 2008 முதல் நம் நாட்டு ஆராய்ச்சி நிலையம் ஹிமாத்ரி இருக்கிறது என்றதும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

எனக்குத்தான் வரவில்லை. பெட்டியை மூன்று தடவை கட்டி அவிழ்த்தது குளிருக்குப் பயந்து அல்ல. அம்மாவுக்கு 84 ஆகிறது. போன மாசம் மாட்டுக் கட்டுத்தரையில் வழுக்கி விழுந்ததை என்னிடம் மூச்சுவிடவில்லை. பால்காரர் சொல்லித்தான் தெரியும். தோட்டத்துச் சாளை வீட்டை விட்டு இங்கே வரவும் மாட்டாள். ஒன்று என்றால் அங்கிருந்து நான் வந்து சேர இரண்டு நாள் ஆகும், மாப்ள. ராத்திரி விழித்தால் அந்தக் கணக்குதான் ஓடுகிறது.

அதற்குத்தான் இந்தக் கடிதம். வாரம் ரெண்டு தடவை காங்கயம் வருவாய்தானே, ஒரு எட்டு சாளைக்குப் போய் அத்தையைப் பார். நான் சொல்லி வந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. "ஒன்னுமில்ல சாமி" என்றால் நம்பாதே, எழுந்து தண்ணீர் கொண்டுவரச் சொல்லி நடையைப் பார். மாத்திரை டப்பா அடுக்குப்பானைக்குப் பின்னால் இருக்கிறது, எண்ணிவிடு. வெறுங்கையோடு போகாதே, வெற்றிலை வாங்கிப் போ. பாக்கை இடித்தே வாங்கு, முழுப் பாக்கைப் பார்த்தால் பல்லைக் கேலி செய்கிறாய் என்பாள்.

உன்
மச்சான்