வற்புறுத்தினாங்களா, மிரட்டினாங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க சொல்-பொருள் பகுதியில 'கட்டாயப்படுத்துதல்'னு போட்டு அதுக்குப் பக்கத்துல வலியுறுத்தல், வற்புறுத்தல், நிர்ப்பந்தம், திணிப்பு, பலாத்காரம்னு எல்லாத்தையும் ஒரே வரிசையில அடுக்கியிருந்தீங்க. பரீட்சைக்குப் படிக்கிற பசங்க இதை நம்பி ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணை எழுதினா அர்த்தமே மாறிப்போகும் சார், அதனாலதான் எழுதறேன்.

வலியுறுத்தறது, வற்புறுத்தறது ரெண்டுலயும் வலிமைங்கிற பொருள்தான் அடியில இருக்கு, ஆனா இன்னைக்குப் பேச்சுல கோரிக்கையை வலியுறுத்தறோம், ஆளை வற்புறுத்தறோம். வற்புறுத்தல்ல நச்சரிப்பு இருக்கும், ஆனாலும் முடியாதுன்னு சொல்ல வழி இருக்கும், "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்கன்னு வற்புறுத்தினாங்க"ன்னு பாசத்தோடயும் சொல்றோம் இல்லையா. சங்கப் பாடல்களோட கூற்றுக் குறிப்புல, அதாவது பாட்டை யார் யார்கிட்ட சொல்றாங்கன்னு காட்டுற குறிப்புல, வற்புறுத்துற தோழி வருவா, அவ யாரையும் மிரட்டல, தலைவன் வந்துடுவான் தைரியமா இருன்னு தலைவி மனசை உறுதிப்படுத்தறா. எவ்வளவு நல்ல சொல்!

நிர்ப்பந்தத்துக்கு எதிர்ல ஒரு ஆளே வேணாம், கடனும் வறுமையும் போதும். திணிப்புன்னா வேண்டாதவன் தலையில ஒண்ணைக் கட்டறது. கட்டாயம் மட்டும் ரெண்டு பக்கமும் போகும், "கட்டாயம் வரேன்"னா நிச்சயம்னு அர்த்தம், 'கட்டாய உழைப்பு'ன்னா கதையே வேற. சர்வதேச தொழிலாளர் அமைப்போட 1930-ஆம் வருஷத்து 29-வது உடன்படிக்கை அதுக்கு ரெண்டு அடையாளம் சொல்லுது, தண்டனை வரும்ங்கிற மிரட்டல் இருக்கணும், அந்த ஆள் தானா முன்வந்திருக்கக் கூடாது. அதாவது சம்மதம் இருந்ததா இல்லையாங்கிறதுதான் கேள்வி.

எனக்கு நிஜமாவே கோபம் வர்றது குற்றச் செய்திகளைப் படிக்கும்போதுதான். கத்தியைக் காட்டி ஒரு பொண்ணை மிரட்டினவனைப் பத்தி "ஆசைக்கு இணங்க வற்புறுத்தினார்"னு போடறாங்க, அவன் என்னமோ கெஞ்சிக்கிட்டு நின்ன மாதிரி. அது மிரட்டல், அது வன்கொடுமை, அப்படியே எழுதுங்க. பலாத்காரம்ங்கிற சொல்லுக்குப் பழைய பொருள் வெறும் பலப்பிரயோகம்தான், ஆனா இப்ப அதைப் படிக்கிற எல்லாருக்கும் பாலியல் வன்முறைதான் மனசுல வரும், அதைக் கொண்டுபோய் வற்புறுத்தலுக்குப் பக்கத்துல உட்கார வைக்கலாமா? சம்மதமில்லாம நடத்தி வச்ச கல்யாணத்தையும் "பெற்றோர் வற்புறுத்தலால் திருமணம்"னு மென்மையாக்கிடறாங்க, பொண்ணு வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறமும் பயமுறுத்தி நடத்தியிருந்தா அதுக்குக் கட்டாயத் திருமணம்னு பேர் இருக்கு.

அடுத்த முறை ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம் உதாரணமா போடுங்க, இடம் பத்தலைன்னா சொற்களைக் குறைச்சுக்கலாம். பலாத்காரத்தை அந்த வரிசையில இருந்து முதல்ல எடுத்துடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்