கும்பகோணத்துக் கண்ணாடிக் கடை அண்ணனுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

பிள்ளை வீடு வந்துவிட்டாள். எலும்புப் புற்றுக்காகக் காலை எடுத்தது ஊருக்கே தெரியும். திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நன்றி கண்ணாடிக் கடை அண்ணனுக்கு. இல்லாத காலின் விரல்கள் மடங்கி இறுகி வலிப்பதாக அவள் அழுதபோது ‘மனப்பிரமை’ என்றார்கள் சிலர். பிரமையே இல்லை. கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது, வலி நிஜம். மருந்தோடு, கண்ணாடியில் தெரியும் நல்ல காலின் பிம்பத்தை இல்லாத காலாகப் பார்த்து அசைக்கும் கண்ணாடிப் பயிற்சியும் பலருக்குக் கைகொடுக்கிறது.

அதற்கு வீட்டு பீரோ கண்ணாடி ஆகாது. மெலிசான கண்ணாடி வளைந்து பாதத்தை நெளித்துக் காட்டும், கட்டிலில் நிற்கவும் நிற்காது. அண்ணன் அளவு கேட்கும் முன்பே, “உட்கார்ந்தா பாதம் முழுசா தெரியணும்ல?” என்று கேட்டார். 4 அடி நீளம், ஒன்றரை அடி உயரத்தில் வெட்டி, கை கிழிக்காதபடி ஓரத்தை மழுக்கி, பின்னால் பிளைவுட் அடித்து, சாயாமல் நிற்க இரண்டு கட்டை வைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. வீட்டுக்கே வந்து நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இரண்டு காலுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, முகம் பார்க்கும் பக்கம் நல்ல காலை நோக்கி இருக்க வேண்டும். எடுத்த கால் பின்னால் மறைந்திருக்கும். நல்ல காலில் கொலுசு கிடந்தால் கண் அங்கேயே போகும், கழற்றிவிடலாம். பிம்பத்தைப் பார்த்தபடி பாதத்தை மெல்ல மேலும் கீழும் அசைத்து, விரல்களை மடக்கி விரிக்க வேண்டும். இல்லாத காலையும் மனசால் அதேபோல அசைக்க வேண்டும். தினம் 15 நிமிடம், 4 வாரம். முதல் நாள் சிலருக்குத் தலை சுற்றும், அழுகை வரும். உடனே துணி போட்டு மூடிவிட்டு, மறுநாள் இரண்டு மூன்று நிமிடத்தில் தொடங்கினால் போதும். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பிறகே செய்ய வேண்டும்.

ஒவ்வொரு கீமோவுக்கும் மனக்கஷ்டத்தை 0 முதல் 10 வரை சொல்லச் சொல்லி, 4 அல்லது அதற்கு மேல் சொன்னால் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஆலோசகருக்கும், அறுவைக்கு முன் பெற்றோரிடம் மட்டும் பேசாமல் அவளிடமே பேசிய டாக்டருக்கும், வருகைப் பதிவேட்டில் பெயரை அடிக்காத டீச்சருக்கும், “தைரியமா இரு” என்பதை விட்டு “இன்னைக்கு எப்படிம்மா இருக்கு?” என்று கேட்கப் பழகிய சொந்தங்களுக்கும் நன்றி. ராத்திரியில் மனசு தாங்காதபோது 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் பேசலாம் என்று எழுதிக் கொடுத்த சிஸ்டரை மறக்க மாட்டோம்.

இந்த நோய் நுரையீரலுக்குப் போகக்கூடியது என்பதால் நெஞ்சு ஸ்கேன் தொடரும். தேதி நெருங்கினாலே தூக்கம் போய்விடும். அந்த நாட்களில் எந்தப் பிள்ளையையும் தனியாகப் போக விடமாட்டோம். அண்ணன் செய்த கண்ணாடி இங்கே வேலை முடிந்ததும் மன்னார்குடியோ மயிலாடுதுறையோ, தேவைப்படும் வீட்டுக்கு நாங்களே கொண்டுவந்து நிறுத்தித் தருவோம்.